காதால் கண்ட கப்பல்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பசிபிக் சமுத்திரத்தின்மீது தாக்குதலுக்குப் பறந்து சென்ற அமெரிக்கக் கடற்படை விமானி, தாம் திரும்புவதற்குள் பல மைல் நகர்ந்துவிட்டிருக்கும் விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டடைய, ‘ஒய்.இ.’ என்னும் வானொலிக் கருவியையே பெரிதும் நம்பியிருந்தார். கப்பலின் உச்சியில் சுழன்ற அதன் ஏரியல், திசைவட்டத்தைப் பன்னிரண்டு கூறுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மோர்ஸ் எழுத்தை ஒலிபரப்பிற்று. அன்றைக்குரிய இரகசியக் குறிப்பின்படி வடகூற்றின் எழுத்து செவியில் விழுமாயின், தாம் கப்பலுக்கு வடக்கே இருப்பதை உணர்ந்து, விமானி தெற்கு நோக்கித் திரும்புவார். இவ்வலைகள் நேர்கோட்டில் செல்பவையாதலால், அடிவானத்துக்கு அப்பாலுள்ள பகைவரின் கப்பல்களுக்கு அவை எட்டுவது அரிது; உயரப் பறக்கும் விமானிக்கோ வெகு தூரத்திலும் கேட்கும்.

இத்தகைய ஆகாய அனுபவத்தை இயந்திரத்தின் துணையால் தரையிலேயே தோற்றுவிக்கும் வித்தையும் உண்டு; அதில் கனடாவின் மொன்றியால் நகருக்குத் தனி ஸ்தானமுண்டு. கனடிய விமானப்படையில் பணியாற்றிய கென் பாட்ரிக், 1947-இல் அருகிலுள்ள செயின்ட் ஹூபர்ட்டில் நிறுவிய சி.ஏ.இ. நிறுவனம், 1950-களில் சி.எஃப்.-100 போர்விமானத்துக்கான பறத்தல் பயிற்சி இயந்திரத்தை நிர்மாணித்து, பிற்பாடு உலகெங்கும் பிரசித்தி பெற்றது. அவ்வித்தையை வீட்டுக் கணினியிலேயே பயின்று, இணையத்தின் வழியே கூடிப் பறக்கும் இன்றைய ஆர்வலர்களுள் சிலரும், ‘ஒய்.இ.’ கருவியின் அதே மோர்ஸ் எழுத்துகளைச் செவிமடுத்தே தங்கள் கப்பலைத் தேடுகின்றனர்.