பல்லிணை விகிதம் (மின்சார ரயில் என்ஜின்)

பல்லிணை விகிதம் என்பது சக்கரம் ஒரு முறை சுழல, மோட்டார் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவாகும். காரில் போல, ஓடும்போது மின்சார ரயில் என்ஜினில் கியர் மாற்ற இயலாது. எனவே பணிக்கேற்ற விகிதத்தை வடிவமைக்கும்போதே தீர்மானிக்கின்றனர்.

அரக்கோணம் சந்திப்பு வழியே ஓடும் இருவகை என்ஜின்கள் இதற்குச் சான்று. சரக்கு வண்டிக்கான டபிள்யூ.ஏ.ஜி-9 வகையில் விகிதம் 77:15, அதாவது 5.13. அதிலிருந்து உருவான, பயணிகள் வண்டிக்கான டபிள்யூ.ஏ.பி-7 வகையில் 72:20, அதாவது 3.6. இரண்டிலும் ஆறு மோட்டார்கள் உள்ளன. முன்னதன் வடிவமைப்பு வேகம் மணிக்கு 100 கி.மீ.; பின்னது 130 கி.மீ.க்கு மேலும் ஓடும். அதற்கு ஈடாக, தொடக்க இழுவிசை சுமார் 460 கிலோநியூட்டனிலிருந்து 323 ஆகக் குறைகிறது.

விகிதம் பொருந்தாவிட்டால் பாரவண்டி ஏற்றத்தில் நின்றுவிடும். அல்லது அதிவேகத்தில் மோட்டார் தன் சுழற்சி வரம்பை மீறிவிடும்.