ஓடும் குருதியும் காந்தப் படமும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

அறிவியலின் எந்தப் பேறும் சமூக உறவுகளுக்கு வெளியே நிற்பதன்று. குருதிக்கலன்களைக் காந்தப் பரிவினாற் படம்பிடிக்கும் முறையைப் பதுளைத் தோட்டப்புறத்திலிருந்து நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகின்றது.

1946இல் பிளொக், பர்செல் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளிப்படுத்திய அணுக்கருக் காந்தப் பரிவே இதன் அடிப்படையாகும். 1973இல் லோட்டர்பர் அதனைக்கொண்டு படம் ஆக்கும் வழியைக் காட்டினார். அவருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. வலிய காந்தப்புலத்தில், உடலின் நீரிலும் கொழுப்பிலுமுள்ள ஐதரசன் அணுக்கருக்களை வானொலி அலைத் துடிப்புக் கிளர்த்துகின்றது. அதன்பின் அவை வெளியிடும் சைகையே படமாகின்றது.

குருதிக்கலனை மட்டும் பிரித்துக் காட்டுவது எங்ஙனம்? ஒரே தளத்திற்கு அடுத்தடுத்துத் துடிப்புகளைச் செலுத்தினால், அசையாத இழையங்கள் மீளப் பொழுதின்றிக் கருமையடைகின்றன. அத்தளத்துட் புதிதாகப் புகும் குருதி அத்துடிப்புகளைப் பெறாதது, ஆகவே ஒளிர்கின்றது. இயக்கமே இங்கு காட்சியின் காரணம். ஊடுகதிரும் மருந்தேற்றலும் இதற்குத் தேவையில்லை. ஆயினும் குருதி குழம்பியோடும் இடத்திற் சைகை குன்றுதலால், கலனின் ஒடுக்கம் உள்ளதனினும் பெரிதாகத் தோன்றக்கூடும்.

கடோலினியச் சேர்வையை நாளத்தில் ஏற்றி எடுக்கும் படம் இக்குறையைப் பெரிதும் நீக்கும். ஆனால், சிறுநீரகம் மிகப் பழுதுற்றோரிடம் இச்சேர்வைகளுட் சில தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்வது 2006இல் வெளிப்பட்டது. பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டைப் பகுதியில், காரணம் இன்னும் முற்றாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் உழவரிடையே காணப்படுகின்றது. ஊவாவுக்கு இவ்வெச்சரிக்கை வெறும் ஏட்டுச் செய்தியன்று.

இனி, பயன் யாருக்கு என்பது வினா. மூளையின் குருதிக்கலன் அடைபட்டு வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துள் ஏற்றல் வேண்டும். அதற்குமுன் மூளையிற் குருதிக்கசிவு இல்லையெனப் படத்தால் உறுதிசெய்தலும் வேண்டும். லயத்திலிருந்து நோயாளியைப் பெருந்தெருவுக்கு இறக்குவதிலேயே அப்பொழுதின் ஒரு கூறு கழிந்துவிடுகின்றது.

இத்தொலைவு மலை தந்தது மட்டுமன்று, வரலாறும் தந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்டத்தோடு பிணைத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நிலம் அரசுடைமையாயிற்று. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினும், தோட்டத்து நோயாளியைப் பிற குடிமகனைப் போல் அரச மருத்துவ சேவையின் முழுப் பொறுப்பாகக் கொள்ளும் பணி நிறைவுறவில்லை.

எனவே, கருவி கோருவது மட்டும் போதாது. இரத்த அழுத்தத்தை ஒழுங்காகச் சோதித்தல், தோட்டப் பாதை, நோயாளர் வண்டி, தமிழில் விளக்கும் ஊழியர் ஆகியனவும் அக்கோரிக்கையின் பகுதிகளே. படம் அடைப்பின் இடத்தைக் காட்டும். அக்கருவியை அடையும் வழியிலுள்ள அடைப்பை நீக்குவது மக்களின் கூட்டு முயற்சியாலேயே கைகூடும்.