பாய்மரப் படகில் ஒரு நாள்

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வாழ்வோர்க்குக் கடல் தொலைவான பொருளே. ஆயினும், இட நெருக்கடி, ஓயாத ஈரம், வானத்தை நோக்கிய உழைப்பு ஆகியவை மலைநாட்டார் அறியாதன அல்ல. சிறு பாய்மரப் படகிற் பெருங்கடலைக் கடப்போரின் அன்றாட வாழ்வும் இவற்றாலேயே அமைகின்றது.

இதற்கு நல்ல சான்று 'தாரிணி' என்னும் இந்தியக் கடற்படைப் படகு. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா என்னும் இரு பெண் அதிகாரிகள் 2024 ஒக்டோபர் 2 ஆம் திகதி அதிலேறிக் கோவாவிலிருந்து புறப்பட்டனர். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, போக்லாந்துத் தீவுகள், தென்னாபிரிக்கா ஆகிய நான்கிடங்களில் தங்கி, உலகைச் சுற்றி, 2025 மே 29 இல் கோவா மீண்டனர். கடந்த தூரம் 25,000 கடல் மைலுக்கும் அதிகம். படகைச் செலுத்தியது காற்றே.

படகின் நீளம் 56 அடி. ஏறக்குறைய ஐந்து லயன் அறைகளை வரிசையாய் வைத்த அளவு. சமையல், உறக்கம், பழுதுபார்த்தல் யாவும் அதற்குள்ளேதான்.

இருவரே உள்ள படகில் ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருத்தல் வேண்டும். ஆகவே முழு இரவு உறக்கம் அங்கில்லை. சில மணி நேரத்துக்கொருமுறை காவல் மாறும். சுக்கானைத் தானே இயக்கும் கருவி உண்டெனினும், எதிர்வரும் கப்பலையும் திசைமாறும் காற்றையும் கவனிக்க மனிதக் கண் வேண்டும். கடல் கொந்தளிக்கையில் தளத்துக்கு ஏறுபவர், உடலிற் கட்டிய வாரைப் படகுடன் கொளுவிக்கொள்வார். பாய் விரித்தோடும் படகு நினைத்தவுடன் நில்லாது. அலைகளுக்கிடையே மனிதத் தலை சில நிமிடங்களில் மறைந்துவிடும். அந்த வார் அறுந்தால் உயிரில்லை.

அடுப்பு, படகு சாய்ந்தாலும் பானை சாயாதவாறு ஊசலாடும் சட்டத்தில் அமைந்திருக்கும். உணவிற் பெரும்பகுதி நீர் வற்றச் செய்து பொதியிடப்பட்டது. வெந்நீர் சேர்த்தால் உண்ணலாம். கடல்நீரின் உப்பை நீக்கக் கருவி உண்டு. அது பழுதானால் பாயில் விழும் மழைநீரே துணை. உப்புப் படிந்த துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், வெயிலிற் காய்ந்ததும் மீண்டும் நனைகின்றது. நாள்தோறும் பாயையும் கயிறுகளையும் தடவிப் பார்ப்பதும் கடமை. இடைவிடா உராய்வினால் நைந்த கயிறு, புயலிலேதான் அறும்.

கிழக்கு நோக்கி 15 பாகை செல்லுந்தோறும் ஞாயிறு ஒரு மணி நேரம் முந்தி உதிக்கும். ஆதலின் கடிகாரத்தையும் அடிக்கடி திருத்த வேண்டும்.

2025 சனவரியில் தாரிணி பசிபிக் பெருங்கடலின் 'நீமோ' என்னும் புள்ளியைக் கடந்தது. அங்கிருந்து மிக அருகிலுள்ள நிலம் ஏறத்தாழ 2,690 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அங்கே காய்ச்சல் கண்டால், செய்மதித் தொலைபேசியில் வைத்தியரின் சொல் வரலாம், கை வராது. மருந்து கொடுப்பதும் காயத்துக்குத் தையலிடுவதும் உடனிருக்கும் ஒருவரின் பொறுப்பே.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 89 அடி 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அதைச் செலுத்திச் சென்ற வல்வெட்டித்துறை மாலுமிகளிடம் செய்மதித் தொலைபேசியும் இல்லை; தானே இயங்கும் சுக்கானும் இல்லை. கருவிகள் இன்று பெருகியுள்ளன. ஆயினும் ஒருவர் கண்ணயர மற்றவர் விழித்திருக்கும் கடமை அன்றுபோலவே இன்றும் உளது.