எஜமானர் கண் மூடினால் நாய்க்கு யார் கதி?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, மும்பையில் நான் வேலை பார்க்கும் ரெயில்வே பார்சல் ஆபீசுக்குத் தாராவியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கையில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் ஒரு செவலை நாய்.

"இவனையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும் ஐயா. என்ன துட்டு ஆகும்?" என்று கேட்டார்.

அவருடைய கணவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து காலமாகிவிட்டார். அம்மாள் அன்று இரவு வண்டியில் மகனுடன் திருநெல்வேலிக்குப் புறப்படுகிறார். இரண்டாம் வகுப்பு படுக்கை டிக்கெட்.

ஏ.சி. முதல் வகுப்பில் ஓர் அறையை முழுவதுமாக ரிசர்வ் செய்தவர்தான் நாயைத் தன்னுடன் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களின் நாய் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் போகவேண்டும். அதற்குக் கால்நடை டாக்டரின் சான்று வேண்டும். முன்னதாகவே பார்சல் ஆபீசில் புக் செய்யவும் வேண்டும். அம்மாளிடம் சான்று இல்லை. வண்டிக்கு இன்னும் மூன்று மணி நேரமே இருந்தது. நான் விதியைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

மனம் கேட்கவில்லை. மறு வாரம் விசாரித்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். டீக்கடை வாசலில் நாய் கட்டிக் கிடந்தது. கடைக்காரரும் நெல்லைச் சீமைக்காரர்தான்.

"அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே இவன் பட்டினி சார். அக்காவும் ஆஸ்பத்திரியே கதின்னு இருந்தாங்க. மூணு நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரியும். இப்போ நான் பன்னும் பாலும் போடுறேன். ஆனா தை மாசம் நானும் கடையை விட்டுட்டு ஊருக்குப் போறேனே!" என்றார்.

இதே மும்பையில் வாழ்ந்த தொழிலதிபர் ரத்தன் டாடா 2024-ம் ஆண்டு அக்டோபர் 9-ந்தேதி, 86-வது வயதில் காலமானார். தமது ஜெர்மன் ஷெப்பர்டு நாய் டிட்டோவைப் பராமரிக்க அவர் உயிலில் வழி செய்திருந்தார். நீண்ட காலமாக அவரிடம் இருந்த சமையல்காரர் நாயைப் பார்த்துக்கொள்வார் என்றும், பிராணிகளுக்காக 12 லட்சம் ரூபாய் ஒதுக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றுக்கும் 30 ஆயிரம் கொடுக்கச் சொல்லியிருந்தார் என்றும் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

லட்சங்களை விடுங்கள். அது நமக்கு எட்டாத சங்கதி. ஆனால் அவர் செய்த முக்கியமான காரியத்துக்குக் காசே தேவையில்லை. நாய்க்கு ஏற்கனவே பழக்கமான ஒருவர் பொறுப்பில் அதை விட்டார், அவ்வளவுதான்.

உயில் எழுத ஸ்டாம்பு பேப்பர் வேண்டியதில்லை. வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்தும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருக்கவேண்டும். பதிவு செய்வது அவரவர் விருப்பம். ஆனால் நாயின் பெயருக்குப் பணம் எழுதிவைத்தால் செல்லாது. சட்டத்தின் கண்ணில் நாயே ஓர் உடைமை. உடைமைக்கு ஏது உடைமை? ஆகவே, "நாயை இன்னாரிடம் ஒப்படைக்கிறேன், அதன் செலவுக்கு அவருக்கு இவ்வளவு" என்று மனிதர் பெயரில்தான் எழுதவேண்டும். அந்த மனிதரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். கேட்காமல் எழுதிவைத்து, அவர் மாட்டேன் என்றால் என்ன செய்வது? அவருக்கும் வயதாகியிருந்தால் இரண்டாவதாக இன்னொரு பெயரையும் எழுதுவது நல்லது.

(பச்சைக்கிளி வளர்ப்போர் உயிலில் அதைச் சேர்க்கவேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம்!)

உயிலில் ஒரு குறை உண்டு. ஆள் இறந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். தாராவி நாய் பட்டினி கிடந்ததோ, எஜமானர் உயிரோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்! பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனாலும் இதே நிலைமைதான். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். சட்டைப் பையில், "வீட்டில் நாய் இருக்கிறது, இன்னாருக்குப் போன் செய்யவும்" என்று ஒரு சீட்டு இருக்கட்டும். நாய் என்ன தின்னும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போட்டது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஒரு மாதச் செலவுக்கான பணத்தையும் அந்த நபரிடம் முன்கூட்டியே கொடுத்துவைப்பது உத்தமம்.

பிராணியைப் பட்டினியில் வாடும்படி காரணமின்றிக் கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை. இரண்டு வடா பாவ் வாங்கும் காசு! அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் மறுபடியும் டீக்கடைக்குப் போனேன். அடுத்த சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் ஒருவர் நாயை வைத்துக்கொள்ள முன்வந்திருக்கிறார். "மாசம் என்ன தருவீங்க?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். டீக்கடைக்காரர் ஊருக்குப் போன் போட்டார். மாதம் 500 ரூபாய் அனுப்புவதாக அம்மாளின் மகன் ஒப்புக்கொண்டார். முதல் மாதப் பணமும் வந்துவிட்டது.

நாயை மட்டும் இன்னும் அந்தச் சந்துக்கு அழைத்துப்போக முடியவில்லை. கயிற்றை அவிழ்த்தால், பூட்டிய பழைய வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது.