டம்மி டக்: ஒரு லட்சத்து இருபதாயிரம்னு சொன்னா, அது எதோட விலை?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் வெட்டியிருக்கோம். பேச்சு நடையை மாத்தல.)

இந்த வாரம் மென்பொருள் பக்கமே போகல. காரணம் எங்க அக்கா. சேலையூர்ல இருக்காங்க, ரெண்டு குழந்தைங்க, ரெண்டும் சிசேரியன். சின்னவனுக்கு நாலு வயசு முடிஞ்ச பிறகும் பஸ்ல யாரோ ஒரு அம்மா "எத்தனாவது மாசம்மா?"ன்னு கேட்டு, எழுந்து சீட் குடுத்திருக்காங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. "டம்மி டக், ₹1,20,000, எல்லாம் சேர்த்து." கீழே அக்கா எழுதியிருந்தது: "இது சரியான விலையான்னு பார்த்துச் சொல்லுடா."

முதல்ல, இது என்ன ஆபரேஷன்னு தெரியாம விலையைப் பேச முடியாது. டாக்டர்கள் இதை அப்டோமினோபிளாஸ்டின்னு சொல்றாங்க. இது எடை குறைக்கிற சிகிச்சை இல்ல. கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லைப்போசக்ஷனும் இல்ல, இரைப்பையைச் சின்னதாக்குற பேரியாட்ரிக் சர்ஜரியும் இல்ல. அடிவயித்துல இடுப்புக்கு இடுப்பு ஒரு நீளமான வெட்டு. தளர்ந்த தோலையும் அதுக்கடியில இருக்கிற கொழுப்பையும் எடுத்துட்டு, பிரசவத்துல ரெண்டு பக்கமா விலகிப்போன வயித்துத் தசைகளை நடுவுல சேர்த்துத் தைக்கிறாங்க. மேல்தோலை கீழே இழுக்கிறதால தொப்புளுக்குப் புது இடத்துல வழி விடணும். முழு மயக்கத்துல ரெண்டு மூணு மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல. அந்தத் தசை விலகல் இருந்தா, எத்தனை க்ரஞ்சஸ் எடுத்தாலும் வயிறு முன்னாடி தள்ளித்தான் நிக்கும். அக்கா ஒரு வருஷம் ஜிம்முக்குக் கட்டின காசு அப்படித்தான் போச்சு.

சரி, விலைக்கு வருவோம். சென்னையில விளம்பரம் பார்த்தீங்கன்னா, ஒரு லட்சத்துலேர்ந்து ரெண்டரை, மூணு லட்சம் வரைக்கும் சொல்றாங்க. ஒரே ஆபரேஷனுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம்ம வேலையில கிளவுட் பில் பார்த்தவங்களுக்குப் புரியும். முதல் பக்கத்துல சர்வர் விலை மட்டும் இருக்கும். பேக்கப், டேட்டா வெளியே போற செலவு எல்லாம் மாசக் கடைசியில வரும். இங்கேயும் சர்ஜன் ஃபீஸ், மயக்க டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை, ரூம், ரத்தப் பரிசோதனை, மருந்து, ஆபரேஷனுக்கப்புறம் வாரக்கணக்குல போடுற இறுக்கமான பெல்ட், நீர் வடிய வைக்கிற குழாய், டிரெஸ்ஸிங், மறுபரிசோதனைன்னு தனித்தனி வரிகள் இருக்கு. 'எல்லாம் சேர்த்து'ங்கிற வார்த்தைக்குள்ள இதுல எத்தனை இருக்குன்னு ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கணக்கு.

அடுத்தது வரி. ஜிஎஸ்டி ரோட்டுலயே பொறந்து வளர்ந்த எனக்கு இந்த ஜிஎஸ்டி தெரியல. மருத்துவ சேவைக்குப் பொதுவா ஜிஎஸ்டி கிடையாது. ஆனா அழகுக்காகச் செய்யுற சர்ஜரிக்கு அந்த விலக்கு இல்ல, வரி உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இவற்றால பாதிச்சதைச் சரி பண்ற ஆபரேஷனா இருந்தா விலக்கு உண்டு. அக்காவுக்கு வந்த மெசேஜ்ல இது பத்தி ஒரு வார்த்தை இல்ல.

இன்சூரன்ஸ்? நம்ம ஊர் ஹெல்த் பாலிசிகள்ல 'எக்ஸ்க்ளூஷன் 08'னு ஒரு வரி பொதுவா எல்லாத்துலயும் இருக்கும். தோற்றத்தை மாத்துற சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்கு அப்புறம் சீரமைக்கிறது, இல்ல உடல்நலத்துக்கு அவசியம்னு டாக்டர் சான்று குடுக்கிறது மட்டும் விதிவிலக்கு. அதனால டம்மி டக்கை கைக்காசுன்னே நினைச்சுக்கோங்க.

ஆனா இங்க ஒரு திருப்பம். அக்காவை முதல்ல கூட்டிட்டுப் போன இடத்துல எங்ககிட்ட பேசினது டாக்டர் இல்ல, 'கவுன்சிலர்'. சர்ஜன் யாருன்னு கேட்டேன். "அட்வான்ஸ் கட்டிட்டா அப்பாயின்ட்மென்ட் போட்டுடலாம் சார்"னாங்க. எழுந்து வந்துட்டோம். ரெண்டாவது இடத்துல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். அக்காவைப் படுக்கவச்சு, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, வயித்து நடுவுல விரலை வச்சுப் பார்த்தார். தசை விலகல் இருக்கு, தொப்புள்ல சின்னதா ஒரு ஹெர்னியாவும் இருக்குன்னார். ஸ்கேன்லயும் அது வந்தது. ஹெர்னியா நோய், அதுக்கு இன்சூரன்ஸ் உண்டு. தனியா எடுத்த பாலிசியில பொதுவா ரெண்டு வருஷம் காத்திருக்கணும். மாமாவோட கம்பெனி குரூப் பாலிசியில அந்தக் காத்திருப்பு இல்ல. ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சா ஹெர்னியா பங்கையும் அழகு பங்கையும் தனித்தனி பில்லா முன்கூட்டியே எழுதி வாங்கணும். கலந்து போட்டா மொத்த கிளெய்மும் மாட்டிக்கும்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 2024 ஏப்ரல்ல பம்மல்ல நடந்தது நம்ம பக்கத்து ஆட்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். புதுச்சேரியிலேர்ந்து வந்த 26 வயசுப் பையன். எடை குறைப்பு ஆபரேஷனுக்காக அங்க ஒரு தனியார் மருத்துவமனையில சேர்ந்தார். ஆபரேஷன் தொடங்கினதுமே நிலைமை மோசமாகி, வேறொரு பெரிய மருத்துவமனைக்கு மாத்தினாங்க. மறுநாள் இறந்துட்டார். செலவு குறையும்னுதான் அந்த இடத்துல சேர்த்தோம்னு குடும்பத்தினர் சொன்னதா அப்ப செய்தி வந்தது. அரசு விசாரணைக் குழு போட்டுது, மருத்துவமனையோட பதிவை நிறுத்தி வச்சாங்க. அவசர நிலையைச் சமாளிக்கிற வசதி போதலைங்கிறது சொல்லப்பட்ட குறைகள்ல ஒண்ணு.

அது டம்மி டக் இல்ல, அவரோட உடல்நிலை வேற, அபாயம் வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நான் சொல்லல. ஆனா முழு மயக்கம் ரெண்டுக்கும் பொது. கால் நரம்புல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போற அபாயம் டம்மி டக்லயும் இருக்கு. அந்த நேரத்துல ஐசியூ அதே கட்டடத்துல இருக்கா, இல்ல பல்லாவரம் சிக்னல் தாண்டி ஆம்புலன்ஸ்ல போகணுமா? இதுக்கு ஆகுற செலவு விளம்பரத்துல கண்ணுக்குத் தெரியாது. அதனால விலையைக் குறைக்கணும்னா முதல்ல கை வைக்க வசதியான இடமும் அதுதான்.

அதான் ரெண்டாவது டாக்டர்கிட்ட நான் நேராவே கேட்டேன். எம்சிஹெச் எங்க படிச்சீங்க, பதிவு எண் என்ன, மயக்க டாக்டர் முழு நேரமும் தியேட்டர்ல இருப்பாரா, ராத்திரி யார் இருப்பாங்க, உள்ளே நீர் சேர்ந்தோ தையல் விட்டோ திரும்ப வந்தா அந்த பில் யாருது? அக்கா மேசைக்கடியில என் காலை மிதிச்சாங்க. டாக்டர் கோவிச்சுக்கல, ஒவ்வொண்ணா எழுதிக் குடுத்தார். பதிவு எண்ணை தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்துல போட்டுப் பார்த்துட்டுத்தான் தூங்கினேன். அவர் தந்த எஸ்டிமேட், வரியோட சேர்த்து, அந்த ஸ்கிரீன்ஷாட் விலையைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

எந்த எஸ்டிமேட்லயும் வராத இன்னொரு செலவும் இருக்கு. ரெண்டு வாரமாவது வேலைக்குப் போக முடியாது. ஆறு வாரத்துக்குக் கனமா எதையும் தூக்கக்கூடாது, அதுல நாலு வயசுப் பையனும் அடக்கம். அம்மா ஊர்லேர்ந்து வந்து தங்கணும். இன்னொரு குழந்தை வேணும்னு எண்ணம் இருந்தா இப்ப செய்யவே வேணாம்னும் டாக்டர் சொன்னார். தச்ச தசை திரும்ப விலகிடுமாம். "அந்தப் பேச்சே கிடையாது டாக்டர்"னு அக்கா முந்திக்கிட்டு சொன்னாங்க, மாமா சீலிங் ஃபேனைப் பார்த்துட்டு இருந்தார்.

இப்போதைக்கு முடிவு இது: பள்ளிக்கூட லீவு வரைக்கும் காத்திருந்து, மே மாசம் ரெண்டையும் ஒண்ணா செஞ்சுக்கிறதுன்னு இருக்காங்க. இஎம்ஐ வேணாம்னு சீட்டுப் பணத்தை எடுக்கப் போறாங்க. நடந்ததும் ஒரிஜினல் பில்லை வச்சு, பேர் மறைச்சு, வரிவரியா இன்னொரு எபிசோட் பண்றேன். அக்கா சரின்னு சொல்லிட்டாங்க.