கோவில் முதல் மசூதி வரை: அகமதாபாத் மரபு நடை காப்பாற்ற முயல்வது எதை?

அகமதாபாத்: குஜராத்தின் அகமதாபாத் நகரில் காளுப்பூர் சுவாமிநாராயண் கோவில் வளாகத்தில் காலை வேளையில் தொடங்கி, ஜாமா மசூதியில் நிறைவடையும் மரபு நடை, நாட்டில் ஒரு மாநகராட்சி முன்னின்று தொடங்கிய இத்தகைய முயற்சிகளில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1997ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்று தொடங்கப்பட்ட இந்த நடைக்குச் சுற்றுலா வருவாயைக் காட்டிலும் முக்கியமான நோக்கம் ஒன்று உண்டு. மக்கள் இன்றும் குடியிருக்கும் பழைய மர வீடுகளை இடிபடாமல் காப்பதே அது.

போள் என்பது என்ன?

சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் 1411ஆம் ஆண்டு முதலாம் அகமது ஷா இந்நகரை நிறுவினார். கோட்டை மதிலுக்குள் அமைந்த பழைய நகரம் 'போள்' எனப்படும் குடியிருப்புகளால் ஆனது. ஒரே சமூகத்தையோ தொழிலையோ சேர்ந்த குடும்பங்கள் ஒரு குறுகிய தெருவில் சேர்ந்து வாழ்வதே போள். பாதுகாப்புக்காக அதன் முகப்பில் வாயிற்கதவு ஒன்று அமைக்கப்பட்டது. உள்ளே பொதுக் கிணறு, சிறு கோவில், 'சபூத்ரோ' எனப்படும் பறவைகளுக்குத் தீனி வைக்கும் தூண் மாடம் ஆகியவை உண்டு.

வீடுகள் பொதுச் சுவரைப் பகிர்ந்து நெருக்கமாக நிற்பதால் தெருவில் வெயில் குறைவாகவே விழும். நடுவில் உள்ள முற்றம் காற்றையும் வெளிச்சத்தையும் தருகிறது. பல வீடுகளில் முற்றத்தின் அடியில் மழைநீரைச் சேமிக்கும் 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டி இருக்கிறது.

வழியில் காண்பவை

1822ஆம் ஆண்டு கட்டப்பட்ட சுவாமிநாராயண் கோவில், பர்மா தேக்கில் செதுக்கிய வண்ணத் தூண்களுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து செல்லும் பாதையில் உள்ள லாம்பேஷ்வர் போளில், குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த இடத்தில் அவருக்கு நினைவிடம் எழுப்பப்பட்டுள்ளது. திண்ணையில் அமர்ந்திருக்கும் கோலத்தில் அவரது வெண்கலச் சிலை அங்கு உள்ளது.

சமண ஆலயங்களையும் மரச்சிற்ப மாளிகைகளையும் கடந்து சென்றால் மாணெக் சவுக் வருகிறது. பகலில் நகைக்கடை வீதியாக விளங்கும் இந்தச் சதுக்கம், கடைகள் அடைக்கப்பட்ட பின் இரவில் உணவுச் சந்தையாக மாறிவிடும். அருகிலேயே அகமது ஷாவின் கல்லறையும், அரசியரின் கல்லறைகளும் உள்ளன. அரசியரின் கல்லறை வளாகத்தைச் சுற்றித் துணி வகைகளும் அணிகலன்களும் விற்கும் கடைகள் நிறைந்துள்ளன. 1424ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஜாமா மசூதியின் தொழுகைக் கூடத்தை 260 தூண்கள் தாங்குகின்றன. அதன் மினார்கள் 1819ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமடைந்தன.

சிக்கல் எங்கே?

மசூதிகள், நகர வாயில்கள் போன்ற நினைவுச் சின்னங்களை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. போள் வீடுகளோ தனியார் சொத்து. வாகனம் நுழைய முடியாத தெரு, நிறுத்த இடமின்மை, பெருகிவரும் பழுதுச் செலவு ஆகியவற்றால் பல குடும்பங்கள் ஆற்றின் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஒரே வீட்டுக்குப் பல வாரிசுகள் இருக்கும்போது யார் பழுதுபார்ப்பது என்பதில் முடிவு எட்டப்படுவதில்லை. காலியான வீடு கிடங்காகிறது அல்லது சிதிலமடைகிறது. பொதுச் சுவர் என்பதால் ஒரு வீடு சரிந்தால் அடுத்த வீடும் ஆபத்துக்குள்ளாகிறது. செதுக்கிய தூண்களும் கதவுகளும் பழம்பொருள் சந்தைக்குப் போய்விடுகின்றன.

நடை எப்படி உதவுகிறது?

வெளியூரிலிருந்து வருபவர்கள் நின்று பார்க்கும்போது, பழைய வீட்டைச் சுமையாகக் கருதிய குடியிருப்பாளர்களின் எண்ணம் மாறும் என்பதே திட்டத்தை வகுத்தவர்களின் எதிர்பார்ப்பு. இதன் தொடர்ச்சியாகப் பட்டியலிடப்பட்ட மரபுக் கட்டடங்களின் உரிமையாளர்களுக்கு, 'மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை' என்ற சலுகையை மாநகராட்சி வழங்குகிறது. தங்கள் மனையில் பயன்படுத்த இயலாத கூடுதல் கட்டுமான உரிமையை, நகரின் வேறு பகுதியில் கட்டடம் எழுப்புவோருக்கு விற்று, அந்தத் தொகையைக் கொண்டு பழைய வீட்டைப் புதுப்பிக்க இது வழிசெய்கிறது.

2017ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் இந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம் இதுவே. ஆனால் இத்தகுதி நினைவுச் சின்னங்களுக்காக மட்டும் வழங்கப்பட்டதன்று. போள்களின் தெரு அமைப்பும் மர வீடுகளும் அதற்கு இன்றியமையாத அடிப்படைகள். அவை குறையக் குறைய, அங்கீகாரத்துக்கான காரணமும் குறைந்துவிடும்.

பார்வையாளர்கள் கவனத்துக்கு

ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நீளும் இந்த நடைக்கு, வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரமே உகந்தது. வழிபாட்டுத் தலங்களுக்கு ஏற்ற உடையும் எளிதில் கழற்றக்கூடிய காலணியும் அவசியம். போள்கள் காட்சிக்கூடங்கள் அல்ல, குடும்பங்கள் வாழும் இடங்கள் என்பதால், முற்றத்துக்குள் நுழைவதற்கும் படம் எடுப்பதற்கும் வீட்டாரின் அனுமதியைப் பெறுவது முறையாகும்.