மும்பையில் நம் ஊர்ப் பறவைகள்

தமிழகத்தை விட்டு மும்பையிற் குடியேறிய நம் இல்லங்களில் வளரும் குழந்தைகள் காக்கையை மராத்தியில் 'காவ்ளா' என்பர். பள்ளியிற் கற்ற ஆங்கிலப் பெயரையும் சொல்வர். ஏனைய பறவைகளின் தமிழ்ப் பெயரைக் கேட்டாலோ விழிப்பர். ஆயினும் இந்நகரின் பறவைகளுட் பல நம் ஊரிலும் உள்ளவையே. அவற்றுட் சிலவற்றை இன்று அறிமுகம் செய்துகொள்வோம்.

நாம் சோறு வைக்கும் காக்கையில் இரு வகை உண்டு. கழுத்துச் சாம்பல் நிறமாயின் அது வீட்டுக் காக்கை. உடல் முழுதும் கறுத்து, அலகு தடித்திருப்பின் அண்டங்காக்கை.

தாராவிக் கூரைகளின்மேல் வட்டமிடும் பருந்தின் வாலை நோக்குக. நுனி பிளந்திருப்பின் அது கரும்பருந்து. வால் நுனி வளைந்து, தலை வெளுத்து, மேனி செம்பழுப்பாய் இருப்பின் அது செம்பருந்து. நம் முன்னோர் கருடன் என்று வணங்கியது அதனையே.

மாட்டுங்காவின் மரநிழலில் நடக்கையில், கன்னார் செம்பு தட்டுவது போன்ற 'டொக், டொக்' என்னும் ஓசை கேட்கலாம். அதுவே குக்குறுவான். சிட்டுக்குருவியினும் சற்றே பெரியது. பச்சை மேனியும் சிவந்த நெற்றியும் உடையது. ஆலம்பழமும் அரசம்பழமும் விரும்பி உண்ணும். பட்ட கிளையைத் துளைத்து அதனுள் முட்டையிடும். காய்ந்த கிளை என்று நாம் வெட்டுவது அதன் வீடாக இருக்கக்கூடும்.

செம்பூருக்குக் கிழக்கே தாணே கழிமுகச் சேற்றில் குளிர்காலந்தோறும் பூநாரைகள் வந்திறங்குகின்றன. கோடியக்கரையிலும் காணப்படும் இனம் இது. வளைந்த அலகைத் தலைகீழாய் நீரில் தோய்த்து இரையை வடித்துண்ணும். அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. 2015-இல் இக்கழிமுகத்தின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

தாராவியை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில் குப்பைமேடாய்க் கிடந்த நிலம் மரங்கள் நடப்பெற்று, 1994-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே பறவைகள் கூடு கட்டுகின்றன. இடம் அளித்தால் அவை வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1896-இல் மும்பையிற் பிறந்த சாலிம் அலி, சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவி யாதென அறிய விரும்பி, 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அவ்வொரு வினாவே அவரைப் பின்னாளில் புகழ்பெற்ற பறவையியலறிஞராக்கிற்று.

நம் குழந்தையும் ஒருநாள் வானைச் சுட்டி, "அது என்ன?" என்று கேட்கும். அப்போது 'ஏதோ பறவை' என்று கூறி அமையாது, செம்பருந்து என்றும் குக்குறுவான் என்றும் பெயர் சொல்வோமாக. பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளைக்கு அப்பெயர்களைத் தரக்கூடியவர் நம்மையன்றி வேறு யார்?